லூஸ் கான்டாக்ட்

"யாரோட தப்புன்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் சுந்தரராமன்.

ஜீவனஹள்ளியில் உமேஷின் ஆட்டோ எலக்ட்ரிக் கடை. வாசலில் அவருடைய பழைய வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்து விட்டிருந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, லைட்டு எல்லாம் வைத்த வேன். ரிட்டையர் ஆனபின் அவரும் மனைவி அனந்தலக்ஷ்மி மாமியும் ஊர் சுற்ற வாங்கியது.

அதற்கு ஒரே வியாதி. திடீரென்று லைட்டு, ஸ்டார்ட்டர் எல்லாம் செத்துவிடும். அப்புறம் தானாக உயிர் வரும். கடைக்குக் கொண்டுவந்தால் மட்டும் சமத்தாக ஓடும்.

போன மாதம்தான் உமேஷ் கண்டுபிடித்தான். டிரைவர் சீட்டுக்கு அடியில் பேட்டரி மெயின் சுவிட்ச் தேய்ந்து போயிருந்தது. இரண்டு செம்புப் பட்டைகள் கவ்விக்கொண்டால் கரண்ட். கவ்வாவிட்டால் இல்லை. புதுசு மாட்டினான். அவன் மனைவி ரூபினிதான் டார்ச் பிடித்தாள்.

மறுநாளே சுந்தரராமனும் மாமியும் கிளம்பினார்கள். சந்தாபுரா தாண்டி ஏரிக்கரையில் தங்கினார்கள். விடிகாலையில் மாமிக்கு நெஞ்சுவலி. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மாமி இல்லை.

"ராத்திரி சுவிட்ச அணைச்சுட்டுப் படுத்தோம். கார்த்தால நான்தான் போட்டேன். உசிரே இல்ல. நான் சரியாப் போடலையா, நீ சரியா மாட்டலையா? பார்த்துச் சொல்லு."

உமேஷ் சீட்டைத் தூக்கிக் குனிந்தான். சுவிட்சைப் பிரித்தான். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. பனியன் துணியால் எதையோ துடைத்தான்.

"என்னடா?"

"உங்க மேல தப்பில்ல சார். நான்தான். நட்டை சரியா முறுக்கல."

பக்கத்தில் நின்ற ரூபினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சுந்தரராமன் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

"நீ வேலை பண்றச்சே பிளாஸ்க்ல காபி கொண்டுவந்து குடுத்தாளேடா அவ. ஒரு நட்டு. அதை முறுக்க உனக்குக் கை வரலையா?"

உமேஷ் அந்தத் துணியைச் சுருட்டிக் கைக்குள் மூடிக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

"இனிமே இந்த ஏரியால யாரும் உன்கிட்ட வண்டி விடமாட்டா. நான் பார்த்துக்கறேன்."

ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ரூபினி பிடித்துக்கொண்டாள்.

"யோவ், உனக்கு மூளை கீளை இருக்கா? நட்டை முறுக்கி, ஆட்டிப் பார்த்து, நகர்ந்தா தெரியட்டும்னு பெயின்ட்ல மார்க்கு வேற வச்ச. நான் பக்கத்துலயே இருந்தேன். அந்த மார்க்கு நகர்ந்திருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குக் கொலைகாரன் மாதிரி நின்ன? நாளைக்கு எவன் வருவான் நம்ம கடைக்கு?"

"வரலன்னா போகட்டும்."

"போகட்டுமா? சோத்துக்கு என்ன பண்றது? இரு, நானே போய் அவர்கிட்ட சொல்றேன்."

கிளம்பியவளின் கையைப் பிடித்து, தன் கைக்குள் மூடியிருந்த துணியைக் கொடுத்தான்.

"பட்டைக்கு நடுவுல இருந்துச்சு. ஈரமா இருந்தவரைக்கும் பட்டை அதை நசுக்கிக் கவ்வியிருக்கு, வண்டி ஓடியிருக்கு. ராத்திரி சுவிட்ச அணைச்சதும் காஞ்சு கெட்டியாகி கான்டாக்ட் போயிடுச்சு."

ரூபினி பிரித்துப் பார்த்தாள். காய்ந்த மஞ்சள். அதன்மேல் குங்குமம்.

"புது சாமான் இல்லையா?" என்றான் உமேஷ். "வண்டி இனிமே வழியில நிக்கக் கூடாதுன்னு மாமி பொட்டு வச்சிருக்காங்க."