பிணம் பேசக்கூடாது

"கூடப் பொறக்காத பொறப்பே, கூடை தூக்கி வந்தவளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு இழுத்தாள் தனக்கோடி. பாயில் மல்லாந்து கிடந்த ஆதியம்மாளின் கால் கட்டைவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு வைக்க மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இருசப்பன் பின்னிக்கொண்டிருந்த வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். சங்கு ஊதுகிறவனுக்குச் சொல்லியனுப்பட்டுமா என்று கேட்டான். பிணம் தலையைத் தூக்கி, வெற்றிலை இருந்தால் கொடுத்துவிட்டுப் போ என்றது. அவன் வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பினான்.

விஷயம் இதுதான். போன வாரம் இருவரும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது, பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்று அவர் கையை விரித்துவிட்டார். கல்யாணமாகி இந்தக் குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து சேர்ந்தே மீன் விற்ற சிநேகிதிகள் அவர்கள்.

ஒப்பாரிக்குத் தனக்கோடியை விட்டால் ஆள் கிடையாது. முட்டுக்காடு வரைக்கும் சாவு வீடுகளில் அவள் வந்து பாடிய பிறகுதான் பாடையையே தூக்குவார்கள். ஆதியம்மாளின் தொண்டையோ கரையில் மீன் ஏலம் கூவ மட்டும்தான் லாயக்கு. ஒப்பாரியை உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை பாடிப் பார்த்துவிட வேண்டும் என்பது தனக்கோடியின் யோசனை.

"செத்தப்புறம் தப்பும் தவறுமா பாடினா, செத்தவ ஏந்து வந்து திருத்துவாளா? இப்பவே சரி பாத்துக்கணும் மே" என்றாள்.

ஆதியம்மாள் கொதித்துப்போனாள். சாவுப் பேச்சை எடுத்தால் இனி உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று கத்தினாள். சில நாள் முழிக்கவும் இல்லை. இன்று காலையில் அவளே பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, தனக்கோடி வீட்டு நடுக்கூடத்தில் தொப்பென்று படுத்துவிட்டாள்.

இருசப்பன் தலை மறைந்ததும் தனக்கோடி விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். "ஒத்தப் புள்ள பெத்தவளே, ஒறங்கத்தான் போனியோ."

ஆதியம்மாள் கண்ணைத் திறந்தாள். "எனுக்கு நாலு புள்ளைங்க கீது. மீதி மூணை இன்னா, கடல்ல போட்டுட்டியா?"

"பொணம் பேசக்கூடாது."

ஆதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டில் வஞ்சிரக் குழம்பு வந்தது, மாமியாரோடு போட்ட சண்டை வந்தது, கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலைக்குப் போய் எட்டிப் பார்க்காத மகன் வந்தான். மாமியார் சண்டையில் ஆதியம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். மகன் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் குரல் இன்னும் எத்தனை நாளைக்குத் தன் காதில் விழும் என்று நினைத்ததும் அவளுக்குப் பயம் வந்தது. மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. துடைத்தால் திட்டு விழும் என்று அப்படியே கிடந்தாள்.

பாட்டு முடிந்தது. தனக்கோடி மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து ஆதியம்மாளின் கால்கட்டை அவிழ்த்தாள்.

"மெட்டு மனசுல நின்னுச்சா மே?"

ஆதியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதே துணியைத் தன் கட்டைவிரல்களில் சுற்றிக்கொண்டே தனக்கோடி சொன்னாள்: "அப்ப ஏந்திரு. சாவப் போறவ நான் படுத்துக்கறேன், நீ பாடு."