கிணற்று மீனின் கண்

கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார்.



"இதை எழுதும்போது உங்க கடவுளை எங்க வச்சுட்டு வந்தீங்க, சிஸ்டர்?"

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், பேராசிரியர் கதிர்வேலன். அதுவரை அவர் கேட்டதெல்லாம் மீன்களைப் பற்றி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருந்தாள்.

அறையில் யாரோ சிரித்தார்கள்.

சிஸ்டர் ஜெசிந்தா சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் மதர் பெர்னதெத் இருந்தார். கன்னியர் மடத்தின் தலைவி. முனைவர் பட்டம் படிக்க அவளுக்கு அனுமதி கொடுத்தவர். ஆய்வின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, போன வாரம் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டவரும் அவர்தான்.

"கண்ணைக் கொடுத்துட்டுத் திரும்பப் பிடுங்கிக்கிறதுக்கு ஆண்டவர் என்ன கஞ்சரா?"



திரையில் அவளுடைய மீன். நாகர்கோவில் பக்கத்துச் செம்பாறைக் கிணறுகளின் அடியில், வெளிச்சமே படாத ஊற்றுகளில் வாழ்வது. விரல் நீளம்கூட இல்லை. முகத்தில் கண் இல்லை.

முட்டைக்குள் மட்டும் இருக்கிறது. கறுப்பாக ஒரு புள்ளி திரளத் தொடங்கும். பிறகு நின்றுவிடும். மெல்லக் கரைந்து போகும். கண்ணோடு நீந்திய மூதாதைகளின் மிச்சம்.

அதைக் கண்டுபிடித்தது அவள்தான்.

கடவுளை விட்டுவிட்டு வந்தேன் என்றாலும், இல்லை என்றாலும், இந்த அறையில் ஒருவரை இழக்க வேண்டும்.

மைக்கைத் தள்ளி வைத்தாள்.

"மொதல்ல பார்த்தப்போ பயந்துட்டேன் சார். கொஞ்ச நாள் ஜெபமே வரல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"உலகத்தை எப்பவோ செஞ்சு முடிச்சுட்டார்னு நினைச்சிருந்தேன். முடிக்கல சார். இன்னும் செஞ்சுக்கிட்டுதான் இருக்கார். அந்த முட்டைக்குள்ள நான் அதைத்தான் பார்த்தேன். அவரை எங்கயும் வச்சுட்டு வரல."

பேராசிரியர் ஆய்வேட்டில் முட்டையின் படம் இருந்த பக்கத்தைப் புரட்டினார்.

"எனக்கு நம்பிக்கை கிடையாது சிஸ்டர். ஆனா அந்தப் படத்தை நானும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்."

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

கைதட்டினார்கள். லட்டு வந்தது. மாணவிகள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள்.

மதர் கைதட்டினாரா என்று பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பிறகு பார்த்தபோது கடைசி வரிசை காலியாக இருந்தது.

போய்விட்டார்.

பாதி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆய்வகத்துக்கு நடந்தாள். இன்று இரவு மடத்துச் சாப்பாட்டு மேசையில் எங்கே உட்காருவது என்று யோசித்தாள்.

ஆய்வகக் கதவு திறந்திருந்தது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மதர் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருந்தார். ஒரு கண்ணை இறுக மூடியிருந்தார். அடியில், தட்டில், காலையில் அவள் வைத்துவிட்டுப் போன முட்டை.

அவள் வாசலிலேயே நின்றாள்.

"ஜெசிந்தாவா?"

மதர் தலையை நிமிர்த்தவில்லை.

"உள்ள என்னமோ துடிக்குது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டும்மா."