பொட்டு நிற்காத கார்

தெருவோரப் புங்கமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற சிவப்புக் காருக்கு, பெயின்ட் கெடாமல் இருக்க சீலன்ட் என்கிற வழவழப்பான பூச்சைப் பூசினார் தில்லைநாதன். அன்றிலிருந்து அதற்குக் கால் தரையில் பாவவில்லை.

மரத்திலிருந்த காகம் வழக்கம்போல எச்சமிட்டது. எச்சம் வழுக்கிக்கொண்டு மண்ணில் விழுந்தது.

"என் மேல எதுவும் ஒட்டாது. உன் வேலையெல்லாம் அந்தக் கிழட்டு ஸ்கூட்டர்கிட்ட வச்சுக்கோ," என்றது கார்.

"வைக்கட்டுமே, எனக்கென்ன குறைஞ்சுடப் போகுது," என்றது பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்.

ஆயுத பூஜை வந்தது. தில்லைநாதன் ஸ்கூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். அழுக்கில் அது கப்பென்று பிடித்துக்கொண்டது. காருக்கு வைத்தார், வழிந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் வழிந்தது. குங்குமம் காற்றோடு போனது. பொட்டில்லாத வண்டியில் நல்ல நாளில் ஏறுவதா என்று, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஸ்கூட்டரிலேயே திணித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

கார் மேலே பார்த்து, தணிந்த குரலில் சொன்னது:

"காக்கா அண்ணே, கொஞ்சம் கெட்டியா ஏதாவது தின்னுட்டு வாங்களேன். நெத்தியில ஒண்ணு வச்சுப் பார்ப்போம்."