இருநூறு மீட்டர்

மார்சலி அந்தக் கற்குவியலின் மேல் உள்ளங்கையை வைத்து, "வந்தாச்சு" என்றாள்.

சுற்றிலும் ஒன்றும் தெரியவில்லை. தரையும் மேகமும் ஒரே வெள்ளை. காற்று பனித்தூளை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

மூவாயிரம் அடியைத் தாண்டும் மலைகள் ஸ்காட்லாந்தில் இருநூற்று எண்பத்திரண்டு. உச்சியில் இருக்கும் கற்குவியலைக் கையால் தொட்டால்தான் ஏறியதாகக் கணக்கு. மார்சலி இருபத்திரண்டு வருடங்களில் இருநூற்று எண்பத்தொன்றைத் தொட்டிருந்தாள். இதுதான் கடைசி.

வரும் வியாழக்கிழமை அவளுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மலைப் பேச்சே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால்தான் ஜனவரிப் பனியில் ஏறினோம்.

எனக்கு இதுதான் முதல் குளிர்கால மலை. "தபால் பிரிக்கிற கை ஒரு நாள் பனிக்கோடாரி பிடிச்சா தேஞ்சு போயிடாதுடி, ஷோனா" என்று அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் கேலி செய்தே என்னைக் கிளப்பியிருந்தாள்.

காலையில் ஓடையைத் தாண்டும்போது வழுக்கி, முழங்கால் வரை நனைந்துவிட்டேன். மார்சலி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சொன்னால் திரும்பிவிடலாம் என்பாள். சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் என் பூட்ஸின் அடியில் கட்டியிருந்த இரும்புப் பற்கள் கழன்றன. வாரை மாட்ட விரல்கள் வரவில்லை. மார்சலி மண்டியிட்டு மாட்டிவிட்டாள். மாட்டிக்கொண்டே, நம் அலுவலகத்தின் அஞ்சல் குறியீடு என்ன என்று கேட்டாள். இருபது வருடமாக தினமும் பார்ப்பது. கடைசி இரண்டு எழுத்து எனக்கு வரவில்லை.

நான் சிரித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு அப்போது நடுங்கவில்லை. குளிர் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நடுக்கம் நின்றால்தான் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த பத்தாவது நிமிடம் இந்தக் கற்குவியல்.

தன் மாற்று ஜாக்கெட்டை எனக்கு மாட்டினாள். குடுவையிலிருந்த தேநீர் முழுவதையும் என்னைக் குடிக்க வைத்தாள். உச்சியில் திறப்பதற்காக வருடக்கணக்கில் வைத்திருந்த விஸ்கியை அவள் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

அவள் பையைக் கட்டும்போது, படம் எடுக்கலாம் என்று கைபேசியை எடுத்தேன். வரைபடம் திறந்திருந்தது. நாங்கள் நின்றது உச்சியில்லை. வழி காட்டக் குவித்த கற்கள். உச்சி இன்னும் இருநூறு மீட்டர் தள்ளி இருந்தது.

உடனே திரை அணைந்துவிட்டது.

சொன்னால் அவள் போவாள். என்னால் இன்னும் பத்தடி கூட ஏற முடியாது. வாயைத் திறக்கவில்லை.

இறங்கும் வழியெல்லாம் அதுவே அரித்தது. மார்சலி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நேராக, வேகமாக நடந்தாள். நான் விழுந்த இரண்டு தடவையும் தூக்கி நிறுத்தினாள். இருட்டுவதற்குள் கார் தெரிந்தது.

அடிவாரத்து விடுதியில் அவள் கணவர் ரானல்டும், நடைக் குழுவைச் சேர்ந்த பதினைந்து பேரும் காத்திருந்தார்கள். மேசையில் கேக். அதன் மேல் வெள்ளைச் சர்க்கரையால் 282 என்று எழுதியிருந்தது. உள்ளே நுழைந்ததுமே கைதட்டினார்கள். யாரோ கோப்பையை நீட்டினார்கள்.

மார்சலி வாங்கவில்லை.

"இருநூத்தி எண்பத்தொண்ணுதான். உச்சிக்கு இன்னும் இருநூறு மீட்டர் இருக்கறப்போ என் முட்டி மக்கர் பண்ணிடுச்சு. இவ இல்லேன்னா இறங்கியே இருக்க மாட்டேன்."

கைதட்டல் நின்றது. ரானல்ட் எழுந்து நெருப்புப் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலி செய்தார்.

மார்சலி நொண்டிக்கொண்டே அதை நோக்கிப் போனாள்.

காலையிலிருந்து அவள் நொண்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.