பேஷா வீட்டுத் திருட்டு

"இந்த வாரம் அவரோட மூக்குப்பொடி டப்பி," என்றாள் பேஷா, கதவைத் திறந்தபடியே. "போன வாரம்கூட இருந்துச்சு."

துப்பறியும் அதிகாரி லெய்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். பேஷாவின் கணவர் செத்த துக்க வாரத்தில் ஊரே வந்துபோனது. அப்போது ஒரு வெள்ளிக் கரண்டி தொலைந்தது. பிறகு உப்புக் கிண்ணம், அடுத்த வாரம் சின்னக் கத்திரி.

"வீட்டுக்கு யார் யாரும்மா வர்றாங்க?"

"நீ வர்றே. திருடன் வர்றான். வேற யாரு வர்றா?"

கடல் கடந்த தென்கோடிக் கண்டத்தில், கிம்பர்லியின் செம்மண்ணில் யூதர்களுக்கென்று எழுந்த ஊர் அது. இருபது வருஷத்துக்கு முன் போருக்குத் தப்பி மூன்று கப்பல்கள் வந்தன. லெய்சரின் மனைவி ஏறவிருந்த நாலாவது கப்பல் கிளம்பவே இல்லை.

இன்றைக்குள் திருடனைப் பிடிக்காவிட்டால் வழக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி காலையில் சொல்லிவிட்டார். வழக்கு போனால், விசாரணைக்கு வரும்போதெல்லாம் இங்கே கிடைக்கும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் போகும். மறுபடி தன் அறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு ரொட்டி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேஷா இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றினாள். ஓய்வுநாள் தொடங்கிவிட்டது; இனி நாளை இருட்டும்வரை எழுதக் கூடாது. லெய்சர் நோட்டை மூடினார்.

"விசாரணை எப்பவும் பாதியிலயே நிக்குது. கொஞ்சம் சீக்கிரம் வந்தா என்னப்பா?"

"வேலை இருந்துச்சும்மா."

"ஆமா, திருடங்க நெறஞ்ச ஊரு. உக்காரு, மீன் ஆறிடும்."

மேஜையில் ஏற்கெனவே இரண்டு தட்டுகள் இருந்தன.

அவள் உள்ளே போனதும் லெய்சர் எழுந்து அலமாரியின் இழுப்பறையைத் திறந்தார். கோட்டுப் பையிலிருந்து கரண்டி, கிண்ணம், கத்திரி மூன்றையும் எடுத்து ஓசைப்படாமல் உள்ளே வைத்தார்.

டப்பி மட்டும் அவரிடம் இல்லை. மனசு உறுத்தியதால் போன வாரம் அவர் எதையுமே எடுக்கவில்லை.

இழுப்பறை மூலையில், மடித்த மேஜைத்துணிக்கு அடியில், ஏதோ கையில் தட்டுப்பட்டது.

"துப்பு கெடச்சுதாப்பா?" அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

லெய்சர் மூக்குப்பொடி டப்பியை எடுத்துக் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கெடச்சுதும்மா. திருடங்க ரெண்டு பேர்."