அவ சாமி வேற

"உள்ள வராத கண்ணு. சூடம் ஏத்தப் போறேன். நீ வேதக்காரப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் ஆகாது."

மாட்டுக் கொட்டகையைக் கூட்டிவிட்டு நிலைப்படி வரை வந்த சவரியம்மாள், சுந்தராம்பாள் சொன்னதும் பின்வாங்கி வாசலில் நின்றுகொண்டாள். அடுத்தவர் சாமியை இவ்வளவு மதிக்கிற வீடு பாடாலூரில் வேறு எது இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

அவளுடைய அப்பன் அந்தோணி இந்த வீட்டுக் கிணற்றில் வெடி வைக்க இறங்கியவன், உயிரோடு ஏறி வரவில்லை. ஆத்தா பிரசவத்திலேயே போயிருந்தாள். பேச்சு வராத வயதில் சவரியைத் தூக்கி வந்தவர் சுந்தராம்பாளின் புருஷன் ராசாங்கம். "பேரையும் மாத்த வேணாம், சாமியையும் மாத்த வேணாம். அது பாவம்" என்று சுந்தராம்பாள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

சொன்னபடியே நடந்தாள். படையல் சோறு வேதக்காரர்கள் தின்னக் கூடாது என்று, சவரியின் சோறு முதலிலேயே தனியாகக் கொட்டகைக்குப் போய்விடும். ஜெபம் பண்ணத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று படுக்கையும் அங்கேதான். மாதா படம் மாட்ட ராசாங்கமே சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தார். கன்றுக்குட்டிக்கும் மாதாவுக்கும் நடுவில் வளர்ந்து, வெங்காயக் காட்டில் களை வெட்டும் பருவத்துக்கு வந்துவிட்டாள் சவரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் சாமியார் புல்லட்டில் வந்து இறங்கினார். சுந்தராம்பாள் அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள். பூசையறைக்கு அழைத்துப் போய்ப் புதிதாக வாங்கிய முருகன் படத்தைக் காட்டினாள். சவரி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளையோட விசுவாசத்தைக் கெடுக்காம காப்பாத்தியிருக்கீங்கம்மா. யார் செய்வாங்க இந்தக் காலத்துல?" என்றார் சாமியார்.

"பொண்ணு இல்லாத குறையைத் தீர்க்க வந்தவ, சாமி. கூட உக்கார வச்சு சோறு போடணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லியா? என்ன பண்றது, அவ சாமி வேறயாப் போச்சு."

அந்தப் பேச்சு சவரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு. அதற்குக் குறுக்கே நிற்பது சாமி ஒன்றுதான்.

கிருத்திகையன்று ஜெபமாலையைக் கழற்றி மாதா படத்து ஆணியில் மாட்டினாள். களை வெட்டும் காத்தாயியோடு சேர்ந்துகொண்டு செட்டிகுளம் முருகன் மலைக்கு நடந்தாள்.

"ஏண்டி, மாதா கோவிச்சுக்க மாட்டாளா?" என்றாள் காத்தாயி.

"அவளுக்கு ஊரெல்லாம் புள்ளைங்க. எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான்."

காத்தாயி என்னவோ சொல்ல வந்தாள். பிறகு வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு நடந்தாள்.

திரும்பி வந்தபோது ராசாங்கம் இலையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுகிய ஈரத்தோடு, நெற்றி நிறைய விபூதியோடு சவரி நிலைப்படியில் நின்றாள். நடந்த நடையில் கால் வீங்கியிருந்தது, முகத்தில் மட்டும் சிரிப்பு.

"அம்மா, இனிமே உங்க சாமிதான் எனக்கும். மலையில சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன். உள்ள வந்து உங்க பக்கத்துல உக்காந்துக்கவா?"

ராசாங்கம் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சுந்தராம்பாள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். திட்டவில்லை, கத்தவில்லை. எப்போதும் பேசுகிற அதே இதமான குரலில் கேட்டாள்.

"சாமி மாறினா, நீ பொறந்த தெரு மாறிடுமா கண்ணு?"