ஆளில்லாத ஏழாம் நாற்காலி

மனித குலத்தை வீரர்கள், கோழைகள் என்று பிரிக்கும் கோடு கையில் இரண்டு ராஜா வரும்போதுதான் தெரியும் என்பது வெண்டல் ப்ரூயிட்டின் சித்தாந்தம். ரீனோ நகரச் சீட்டாட்ட விடுதியின் கழிவறை வரிசையில்கூட அதை உபதேசிப்பார். "ரெண்டு ராஜா வந்தா பந்தயத்தை ஏத்தணும்யா. சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்குறவன் வீட்ல போய் பிங்கோ ஆடட்டும்!"

செவ்வாய் மதியப் போட்டிக்குப் பணம் கட்டியிருந்த ஏழாம் நாற்காலிக்காரர் வரவே இல்லை. வழக்கப்படி, சீட்டு போடும் மார்லிஸ் அவருக்கும் இரண்டு சீட்டு போட்டாள். காசுக்குப் பதிலாக வைக்கும் அவருடைய வில்லைகளிலிருந்து கட்டாயப் பந்தயத்தை எடுத்தாள். அவர் முறை வந்ததும் சீட்டைத் தள்ளிவிட்டாள். இப்படிப் பதினோரு முறை எடுத்தும் வில்லைக் குவியல் குறையவில்லை. வெண்டல் மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டார். வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை.

பன்னிரண்டாம் முறை எல்லோரும் கவிழ்த்துவிட, வெண்டலும், கடைசியாக முறை வரவேண்டிய அந்த நாற்காலியும் மட்டுமே மிச்சம். வெண்டலுக்கு வந்திருந்தது இரண்டு ராஜா. ஏற்றினால் எதிர்க்க ஆளில்லை, ஜெயித்தாயிற்று. கவிழ்த்தால் அவருக்கு மிஞ்சுவது இரண்டே வில்லை.

அப்போது ஏழாம் நாற்காலியின் சீட்டுகள், யாரோ கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பதுபோல ஓரத்தில் மெல்ல எழுந்து, திருப்தியாகப் படுத்துக்கொண்டன.

"ஏத்துறீங்களா, கவுக்கிறீங்களா சார்?" என்றாள் மார்லிஸ்.

"யோவ் வெண்டல், நாற்காலிகிட்டயுமா யோசனை?" என்றார் பின்னாலிருந்து நண்பர் ஆரின். மேசையே சிரித்தது.

நாற்காலி சிரிக்கவில்லை. வெண்டல் அதன் சாய்மானத்தைப் பார்த்தார். அது லேசாகப் பின்னால் வளைந்திருந்தது.

அவர் கவிழ்த்தார். அவசரமாகத் தள்ளியதில் இரண்டு ராஜாவும் எல்லோரும் பார்க்கும்படி மல்லாந்து விழுந்தன.